ஆயிரம் ஜாடி வீட்டின் சமையற்காரி

லோ அக்கா சமைத்ததை உண்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அதை உட்கார்ந்து எண்ணியவள் நான் ஒருத்திதான்.

தொலைக்காட்சித் தொடர்களில் எனக்குக் கன்டினியூட்டி வேலை. ஒரே காட்சியில் பாதியை இன்று எடுப்பார்கள், மீதியை நாளை மறுநாள் எடுப்பார்கள். தட்டில் எத்தனை மீன் துண்டு மிச்சம், யார் கிண்ணத்தில் சோறு எந்த மட்டம், மருமகளின் சாப்பாட்டுக் குச்சி இடப்பக்கம் கிடந்ததா வலப்பக்கமா என்று எழுதி வைத்து, மறுபடி அப்படியே அமைத்துக் கொடுக்க வேண்டும். சீனாவின் படப்பிடிப்பு நகரமான ஹெங்தியனில் எந்தத் தெருவில் நின்றாலும் ஏதோ ஒரு அரச வம்சம் நடந்துகொண்டிருக்கும். அங்கே ஒரு அவரைக்காய் கூடிவிட்டால் போவது என் தலைதான். அதனால் லோ அக்காவின் பாத்திரங்களை அவரைவிட நான் அதிகம் உற்றுப் பார்த்திருக்கிறேன்.

முழுப்பெயர் லோ சாய்ஷியா. ஒரு பட்டு ஆலையின் கேன்டீனில் அறுநூறு பேருக்குப் பதினாறு வருஷம் பொங்கிப் போட்டவர். குள்ளம், அகன்ற தோள். கரண்டி பிடித்துப் பிடித்து வலது கை மட்டும் இடது கையைவிடப் பருத்திருக்கும். கணவர் ஜின் ஷுய்கன் அதே ஆலையில் தறி பழுது பார்த்தவர். நெட்டை மனிதர், நீண்ட முகம், தொங்கும் காது. நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஆலையை மூடிய வருஷம் யாரோ ஒரு புண்ணியவான் மாமாவிடம், "அண்ணே, இது ராஜா மூஞ்சிண்ணே! ஹெங்தியன் பக்கம் போனீங்கன்னா அள்ளிக்கிட்டுப் போயிடுவாங்க" என்று சொல்லி வைத்தான். மாமா மூட்டை கட்டிவிட்டார்.

"ராஜா மூஞ்சிய நம்பி நானும் பின்னாடியே வந்தேன்" என்பார் அக்கா. "வந்து பாத்தா இங்க தெருவுக்குப் பத்து ராஜா. எல்லாம் நூடுல்ஸ் கடை வாசல்ல குத்தவச்சு உக்காந்திருக்குது."

அடுத்த பதிமூன்று வருஷத்தில் மாமா ஒரு வார்த்தைகூடப் பேசி நடித்ததில்லை. செத்தார். வாளால், ஈட்டியால், துப்பாக்கியால், கொள்ளை நோயால், விதவிதமாகச் செத்தார். சாயங்காலம் வீடு திரும்பினால் அக்கா வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டே கேட்பார்.

"இன்னிக்கு எதுல செத்த?"

"அம்புல."

"எங்க பட்டுச்சு?"

"முதுகுல."

"அப்ப குப்புறக் கெடந்திருப்ப. நல்லாத் தூங்கியிருப்ப. போய்க் கை கழுவு."

அக்கா படப்பிடிப்பு வளாகத்தின் வாசலில் ஆவியில் வெந்த வெள்ளை ரொட்டி விற்றுக்கொண்டிருந்தார். ஒருநாள் பஞ்சக் காட்சி ஒன்று எடுத்தார்கள். இருநூறு அகதிகள் ரொட்டி வண்டியை நோக்கிப் பாய வேண்டும். வண்டியில் இருந்ததோ சுண்ணாம்பில் செய்த ரொட்டி. ஏழு தடவை எடுத்தும் பாய்ச்சலில் உயிரில்லை. செட் சாமான் பார்க்கிற ஆள் வெறுத்துப்போய் வாசலுக்கு ஓடிவந்து அக்காவின் கூடைகளை அப்படியே தூக்கிக்கொண்டு போனார். காலையிலிருந்து வெறும் வயிற்றோடு நின்ற துணை நடிகர்களுக்கு ஆவி மணம் போய்ச் சேர்ந்ததுதான் தாமதம். எட்டாவது டேக்கிலேயே காட்சி முடிந்தது. வண்டியின் ஒரு சக்கரமும் முறிந்தது. அந்த வாரத்திலிருந்து அக்கா காட்சிகளுக்குச் சமைப்பவர் ஆனார்.

நான் அவரோடு வேலை செய்தவற்றில் பெரியது 'ஆயிரம் ஜாடி வீடு' என்ற தொடர். ஷாவ்ஷிங் நகரத்துச் சந்து ஒன்றில் சோயா சாஸ் காய்ச்சும் வெய் குடும்பத்தின் கதை. மன்னராட்சி முடிகிற காலத்தில் ஒரு கொல்லையில் பன்னிரண்டு ஜாடியோடு தொடங்கி, நான்கு தலைமுறை நடந்து, ஐம்பத்திரண்டு பகுதியில் முடியும். அதில் நாற்பத்தொரு சாப்பாட்டுக் காட்சி. டைரக்டர் ஃபெங்குக்கு அப்படி ஒரு கொள்கை. "யாவாரக் குடும்பத்துல பெரிய பேச்செல்லாம் கடையில நடக்காது, சோத்துக்கு முன்னாடிதான் நடக்கும்" என்பார். எந்நேரமும் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருக்கும், நாற்பது வயதுக்காரர். கத்துவார், ஆனால் கெட்டவர் இல்லை.

அக்காவுக்குக் கைப்பிரதியை வேகமாகப் படிக்க வராது. நான்தான் படித்துக் காட்டுவேன். மூன்றாவது பகுதியிலேயே நிறுத்தச் சொன்னார்.

"என்ன வருஷம்னு சொன்ன?"

"ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தி மூணு."

"அப்ப அந்த வீட்டுல தக்காளி முட்டைப் பொரியல் எங்கேந்து வந்துச்சு? எங்க மாமியார் மொதமொத தக்காளியப் பாத்தப்போ, என்னமோ அதிசயப் பழம்னு நெனச்சு முன்னோர் படத்துக்கு முன்னாடி வச்சுக் கும்புட்டாங்க. எழுதுனவனுக்குச் சமையக்கட்டு எந்தப் பக்கம்னு தெரியுமா, தெரியாதா?"

தக்காளி போயிற்று. மூங்கில் குருத்து வந்தது.

சிக்கல் வந்தது ஷாங் வாத்தியாரால். குடும்பத் தலைவராக முப்பது வயதிலிருந்து எழுபத்தெட்டு வரை நடிக்க வந்த பெரிய நடிகர் அவர். எல்லோரும் வாத்தியார் என்பார்கள். முதல் சாப்பாட்டுக் காட்சியில் கிண்ணத்தை எடுத்தார், குச்சியைச் சோற்றில் நுழைத்தார், வாயருகே கொண்டுபோனார், தாடை அசைந்தது, கிண்ணத்தை வைத்தார். பார்க்கிறவர்களுக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்கும். ஒரு பருக்கை குறைந்திருக்காது. என் குறிப்பேட்டுக்கு அவரைப் போல் நல்லவர் கிடையாது.

நாலாவது டேக் முடிந்ததும் அக்கா நேராக மேசைக்கே போய்விட்டார்.

"வாத்தியாரே, சமையல்ல ஏதாச்சும் கொறையா?"

"இல்ல தங்கச்சி. நல்லா மணக்குது."

"மணந்து என்ன செய்ய? மூக்காலயா தின்னப் போறீங்க?"

டைரக்டர் வாயில் விதை அப்படியே நின்றது. வாத்தியார் சிரித்தார்.

"நாப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், தங்கச்சி. முந்தாநேத்து பொரிச்ச மீனு, பளபளன்னு தெரியணும்னு வார்னிஷ் அடிச்ச வாத்து, என்னென்னமோ தடவுன கோழி, எல்லாத்தையும் தின்னு தின்னு வயித்துல புண்ணு வந்ததுதான் மிச்சம். இப்ப உள்ள கஞ்சி குடிச்சிட்டு வந்து இங்க குச்சிய ஆட்டுறேன். உன் மேல கோவம் இல்ல."

அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்துக் காய்ந்த கடுகுக்கீரை போட்ட பன்றிக் கொழுப்புக் கறிக்கான காட்சி. அக்கா பெரிய தட்டைக் கொண்டுவந்து வாத்தியார் முன்னால் வைத்துக் காதோரம் சொன்னார்.

"உங்க பக்கத்துல இருக்குற மூணு துண்டு உங்களுக்கு. அதத் தாண்டிக் கை போச்சு, நான் பொறுப்பில்ல."

கேமரா ஓடியது. வாத்தியார் வழக்கம்போலத் துண்டைக் குச்சியால் எடுத்தார். அது குச்சியிலேயே குழைந்தது. ஒரு கணம் தயங்கி, வாயில் போட்டார். கறியே இல்லை அது. தோலோடு வெட்டிய வெண்பூசணியை எலும்புச் சாற்றில் பொறுமையாக வேகவைத்து, சோயா சாஸில் நிறமேற்றி, கொழுப்புக் கறி மாதிரியே மினுங்க வைத்திருந்தார் அக்கா. கிண்ணத்துச் சோறும் குழைய வெந்தது. மேலே மட்டும் உதிர் உதிராகத் தூவியிருந்தார். மூன்று டேக்கில் வாத்தியார் ஒன்பது துண்டு தின்றார். "கட்" சொன்ன பிறகும் ஒரு துண்டு தின்றார்.

அவர் தின்கிறார் என்றதும் மேசையே தின்னத் தொடங்கியது. மகன்களாக நடித்தவர்கள் கவளம் கவளமாக அள்ளினார்கள். உடம்பு இளைக்க வேண்டும் என்று இலைதழையோடு காலம் தள்ளிய கடைசி மருமகள் நடிகை, தட்டில் கிடந்த கீரையை ரொட்டியால் வழித்தெடுத்தாள். எனக்கோ உயிர் போயிற்று.

"அக்கா, எல்லாத்தையும் முழுங்கிட்டாங்க. நான் என்னத்தக் குறிச்சு வைக்க?"

"'காலி'ன்னு எழுது. ஒரே வார்த்த. உனக்கும் வேல மிச்சம்."

அதற்கப்புறம் டைரக்டர் சாப்பாட்டுக் காட்சிகளை நீட்டிக்கொண்டே போனார். வாயில் சோறிருக்கும்போது பேசுகிற பேச்சுக்குத் தனி அழகு உண்டு. எல்லோரும் நடிக்க மறந்துபோகிறார்கள். வாத்தியாருக்கென்று தினம் ஒரு வேஷம் போட்ட பண்டம் வரும். மீன் மாதிரி டோஃபு, இறால் மாதிரி முட்டை. காலையில் செட்டுக்குள் நுழையும்போதே, "தங்கச்சி, இன்னிக்கு நான் எதத் தின்னு ஏமாறப் போறேன்?" என்று கேட்டுக்கொண்டே வருவார்.

முப்பத்தெட்டாவது பகுதியில்தான் பெரிய மோதல். வெய் குடும்பத்தில் மூன்று மகன்களும் பிரிகிறார்கள். கைப்பிரதிப்படி, அது புத்தாண்டு விருந்து, பதினெட்டு வகை. பேச்சு முற்றி, மூத்தவன் மேசையைக் கவிழ்த்துவிடுகிறான். நான் படித்து முடித்தபோது அக்கா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். எழுந்து நேரே டைரக்டரிடம் போனார்.

"இதுக்கு நான் சமைக்கல. மெழுகுல செஞ்சுக்கோங்க."

"லோ அக்கா, வெளாடாதீங்க. மேச ஒடஞ்சாத்தான் வீடு ஒடஞ்சது பாக்குறவனுக்கு ஒறைக்கும்."

"மூணு வருஷம் ஜாடி முன்னாடி காவல் கெடக்குற குடும்பம் சார் அது. வெயில் வந்தா மூடியத் தெறக்குறான், மழ வந்தா ஓடிப்போய் மூடுறான். ஒரு சொட்டு சிந்துனா வெரலால தொட்டு நாக்குல வைக்கிறான். அவன் பதினெட்டு கறியக் கவுப்பானா? கவுக்குற கையா இருந்தா மொத தலைமொறையிலயே கடைய இழுத்து மூடியிருப்பானுங்க."

"அப்ப எப்படித்தான் பிரியச் சொல்றீங்க? சிரிச்சுக்கிட்டா?"

அப்போதுதான் அக்கா தன் கதையைச் சொன்னார். சத்தம் போடாமல், யாரோ ஒருத்தி கதையைச் சொல்வது போலச் சொன்னார். புகுந்த வீட்டில் மூன்று அண்ணன் தம்பிகள். ஷுய்கன் மாமா கடைசி. கல்யாணமாகி மூன்றாம் வருஷம் குடும்பம் பிரிந்தது. மனஸ்தாபம் இருந்தது, யாருக்கு எந்த அறை, யாருக்கு எந்த வயல் என்று ஒரு மாதம் முகம் பார்க்காமல் இருந்தார்கள். ஆனால் பிரிகிற அன்று மாமியார் பெரிய பானையில் ஒரே உலை வைத்தார். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். பானையில் பாதிச் சோறு மீதி இருக்கும்போதே மாமியார் எல்லோரையும் எழுப்பிவிட்டார். மிச்சத்தை மூன்று கிண்ணத்தில் பங்கு வைத்தார். அடுப்பிலிருந்து மூன்று கரண்டி கங்கு எடுத்து மூன்று மருமகள்களின் இரும்புச் சட்டியில் போட்டார். புது அடுப்பில் இந்தக் கங்கு, புதுப் பானையில் இந்தச் சோறு.

"முத்தத்தத் தாண்டி நாப்பதே அடி, டைரக்டர். ஒரு கையில சோறு, ஒரு கையில நெருப்பு. அழுக முட்டிக்கிட்டு வருது, தொடைக்கக் கையில்ல. ஆனா பொய் சொல்லக் கூடாது, உள்ளுக்குள்ள ஒரே குஷி. இனிமே எவ்வளவு உப்புப் போடுறதுன்னு நானே பாத்துக்கலாம்ல!"

டைரக்டர் விதை கொறிப்பதை நிறுத்தியிருந்தார். ஆனாலும் உடனே இறங்கி வரவில்லை. எழுதினவர் பெய்ஜிங்கில் இருக்கிறார், உடைகிற மாதிரி மேசையே செய்து வைத்தாயிற்று, என்று ஏதேதோ சொன்னார். நாற்காலியில் சாய்ந்திருந்த வாத்தியார் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"ஃபெங், எனக்கு ரெண்டு நாளா இடுப்பு புடிச்சிருக்கு. மேச பறந்து வந்தா என்னால நகர முடியாது. என் மேல விழுந்துச்சுன்னா மிச்சப் பதினாலு பகுதிய நீயே தாடி ஒட்டிக்கிட்டு நடிச்சிடு."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். டைரக்டர் தொலைபேசியோடு ஜாடிகளுக்கு நடுவே அரை மணி நேரம் நடந்தார். திரும்பி வந்து, "ஒரே பான. கங்கு நெசமானதா இருக்கணும்" என்றார்.

நிஜக் கங்கு என்றதும் துணை நடிகர்கள் பின்வாங்கினார்கள். கதையில் வீட்டுத் தலைவி இறந்துவிட்டாள். அடுப்பைக் காக்கும் கிழட்டு வேலைக்காரர்தான் கங்கைப் பங்கு வைக்க வேண்டும். மாமா இந்தத் தொடரில் கொல்லையில் ஜாடி சுமக்கும் ஆளாக, எப்போதும் முதுகு மட்டும் தெரிகிற மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

"எங்க வீட்டு ஆளு நல்லா அடுப்புத் தள்ளுவாரு" என்றார் அக்கா. "மூஞ்சியும் பரவால்ல. பேச மட்டும் விட்டுறாதீங்க."

டைரக்டருக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் பிடித்துப்போயிற்று. வேண்டுமென்றே ஒரு வசனம் கொடுத்தார்: 'தீ அணையாம பாத்துப் போங்கம்மா.'

பதிமூன்று வருஷத்தில் முதல் வசனம். மாமா அதைக் குழாயடியில் சொன்னார், சைக்கிள் நிறுத்தத்தில் சொன்னார், மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவனின் முதுகிடம் சொன்னார். மறுநாள் காலை கேமரா முன்னால் நின்றதும், "தீ பாக்காம அணைச்சுப் போங்கம்மா" என்றார். இரண்டாவது டேக்கில் 'அம்மா' மட்டும் வந்தது. மூன்றாவதில் சரியாகச் சொன்னார். கரண்டி மூத்த மருமகளின் சட்டிக்குப் பதில் தரையில் இறங்கியது. டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அடுப்படி மறைவிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"யோவ் கெழவா! அது கேமரா இல்ல, நம்ம வீட்டு முத்தம். குடுத்துத் தொல!"

நாலாவது டேக்கில் மாமா யாரையும் பார்க்கவில்லை. மூத்தவள் சட்டியில் கங்கு போட்டு வசனம் சொன்னார். இரண்டாமவளுக்கும் போட்டார். கடைசி மருமகள் நடிகை கங்கைப் பார்த்து ஓரடி பின்வாங்கினாள். ஒரு கையில் சோற்றுக் கிண்ணம், மறு கையில் சட்டி. மாமா கங்கை மெல்ல இறக்கிவிட்டு, கைப்பிரதியில் இல்லாததைச் சொன்னார்.

"பயப்படாத. நாப்பது அடிதான். அங்க அடுப்ப நான் மெழுகி வச்சிருக்கேன்."

அந்த நடிகை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கக் கையில்லை. அப்படியே முற்றத்தில் இறங்கி நடந்தாள். யாரும் "கட்" சொல்லவில்லை. மூன்று மகன்களும் மனைவிகளுக்குப் பின்னால் போய்விட, பெரிய மேசையில் வாத்தியார் தனியாக உட்கார்ந்து தன் கிண்ணத்துச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தார். அவசரமில்லாமல், ஒவ்வொரு வாயாக, கடைசிப் பருக்கை வரை தின்றார். பிறகு கிண்ணத்தை மேசையில் வைத்தார். அந்தச் சத்தத்தில்தான் டைரக்டருக்கு "கட்" சொல்ல நினைவு வந்தது.

நான் அடுப்படிக்கு ஓடினேன். அக்கா பானை மூடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"வசனத்த மாத்திட்டான் பாத்தியா, கெழவன்" என்றார். "அன்னிக்கு இவன் எங்க மெழுகுனான்? நான்தான் மெழுகுனேன். இவன் பக்கத்துல நின்னு வெளக்குப் புடிச்சான்." சொல்லிவிட்டு முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

தொடர் அடுத்த இலையுதிர் காலத்தில் வந்தது. ஊரே அதைப் பேசியது என்று சொல்ல மாட்டேன். பார்த்தவர்கள் பார்த்தார்கள், எங்கள் அம்மா நடுவில் தூங்கிவிட்டதாகச் சொன்னாள். முப்பத்தெட்டாவது பகுதியை அக்காவின் அறையில் அவரும் மாமாவும் கட்டிலிலும் நான் முக்காலியிலுமாக உட்கார்ந்து பார்த்தோம். மாமா முகம் திரை முழுக்க வந்தபோது, அவர் எழுந்து போய் தண்ணீர் குடிக்கிற மாதிரி பின்னால் நின்றுகொண்டார். இறுதியில் ஓடிய பெயர்களில் 'உணவு: லோ சாய்ஷியா' என்று வந்து, படிப்பதற்குள் மேலே போய்விட்டது. அக்கா, "அவ்ளோதானா? ஒரு வாய் தண்ணி குடிக்கிற நேரம்கூட நிக்கல" என்றார். ஆனால் மறுநாள் மறுஒளிபரப்புக்கு நேரம் கேட்டு என்னை எழுப்பியவரும் அவர்தான்.

அந்த வாரமே ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. இரண்டாவது ஓரகத்தி. பேர் ஹெ ஜின்தி. பகையெல்லாம் இல்லை, வருஷத்துக்கு ஒரு தடவை 'சாப்பிட்டியா' என்று கேட்டுக்கொள்ளும் உறவு. பேச்சு பக்கத்தில் நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது, அப்படியொரு தொண்டை.

"ஏய் சாய்ஷியா! டிவியில பாத்தேன்டி. எல்லாம் சரி. ஒண்ணு மட்டும் தப்பு."

"என்ன தப்பு?"

"அன்னிக்கு அத்த உனக்குப் போட்ட கங்கு என்னோடதவிடப் பெருசு. கடசி மருமகன்னு செல்லம். அதக் காட்டாம எல்லாத்துக்கும் ஒரே அளவா காட்டிட்டீங்க."

"முப்பது வருஷமா இத மனசுலயா வச்சிருந்த?"

"வேற எங்க வைக்க? ஒன்னோட கங்கு புடிச்சுக்கிச்சு, என்னோடது அணைஞ்சுபோச்சு. நான் பக்கத்து வீட்டுல போய் நெருப்பு வாங்குனேன். யார்கிட்டயும் சொல்லல."

அக்கா சிரிக்கத் தொடங்கினார். அந்தப் பக்கமும் சிரிப்பு. இரண்டு பேரும் வெகுநேரம் வார்த்தையே இல்லாமல் சிரித்தார்கள்.

"கெளம்பி வாடி இங்க" என்றார் அக்கா கடைசியில்.

ஜின்தி இரண்டு பெட்டியும் ஒரு மூட்டை காய்ந்த மூங்கில் குருத்துமாக வந்து இறங்கினாள். மூன்று நாள் என்று வந்தவள் பத்தொன்பது நாள் இருந்தாள். காலையில் அக்காவோடு டைரக்டரின் புதுத் தொடர் செட்டுக்கு வருவாள். நறுக்குவதற்கு உட்கார்ந்துவிட்டு அக்கா நறுக்குவதைக் குறை சொல்வாள். ஒருநாள் சந்தைக் காட்சிக்குக் கூட்டம் போதவில்லை. அவளையும் ஒரு பழைய காலத்துச் சட்டை மாட்டி முட்டைக்கோஸ் கூடையோடு நிற்க வைத்தார்கள். கேமராவைப் பார்க்கக் கூடாது என்று மூன்று பேர் சொல்லியனுப்பினோம். அவள் நேராக அதைப் பார்த்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, கோஸ் வாங்க வந்த நடிகனிடம், "கோஸ் நேத்து அறுத்தது தம்பி, வாங்காத" என்று சொல்லிவிட்டாள். டேக் போயிற்று. டைரக்டர் ஃபெங் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்துவிட்டு அவரே சிரித்தார்.

அவளைப் பேருந்தில் ஏற்றிவிட நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவள் மாமாவிடம், "கொழுந்தனாரே, அடுத்த கதையில எனக்கும் ஒரு வசனம் வாங்கிக் குடுங்க" என்று கத்தினாள். மாமா வெகு கம்பீரமாகத் தலையசைத்தார். வண்டி திரும்பியதும் அக்கா, பையிலிருந்து பாலக்கீரைக் கட்டு ஒன்றை எடுத்து மாமா கையில் திணித்து, "நட, மதியக் காட்சிக்குப் பன்னெண்டு பேரு பசியோட உக்காந்திருப்பாங்க" என்றார்.